தடிமன்

பெண்ணாக வளர்க்கப்பட்ட என் பழைய மாணவர் ஒருவர், களனியில் தங்கிப் படித்தபடி ஆணாக மாறும் சிகிச்சை பெறுகிறார். டெஸ்டோஸ்டரோன் ஊசி தொடங்கிச் சில மாதங்களாகின்றன. வீட்டாருக்குத் தெரியாது. "டெலிபோனில் குரல் மாறியிருக்கே என்று உம்மா கேட்கிறா. தடிமன் என்கிறேன். பொய்தானே சேர்?" என்றார்.

தன் உடம்பின் செய்தியை எப்போது, யாரிடம் சொல்வது என்பது அவரவர் பொறுப்பு. நோயாளி எவரும் மருந்துத் துண்டை வீதியில் விரித்துக் காட்டுவதில்லை. 2016இல் சுகாதார அமைச்சின் சுற்றறிக்கை பாலின அங்கீகாரச் சான்றிதழுக்கு வழி வகுத்தது; அதைக்கொண்டு பிறப்புச் சான்றிதழையும் திருத்தலாம். அரசு அலுவலகம் திறந்த கதவை வீடு இன்னும் திறக்கவில்லை.

ஆனாலும் மௌனம் வேறு, பொய் வேறு. இம்மருந்தால் தடித்த குரல், மருந்தை நிறுத்தினாலும் பழையபடி ஆகாது. ஆகவே இந்த இரகசியத்துக்குத் தவணை உண்டு. அது முடியும் நாளில் உம்மாவை அதிகம் நோகவைப்பது அந்தத் தடிமனாகவும் இருக்கலாம்.

"'பிறகு சொல்கிறேன் உம்மா' என்று மட்டும் சொல்லு, மகன்" என்றேன்.

போன வெள்ளி பள்ளிவாசல் முற்றத்தில் அவருடைய வாப்பா, "பிள்ளை சுகமா மாஸ்டர்?" என்றார். "சுகம்தான்" என்றேன். அது உண்மை. மிகுதி என்னிடமுள்ள அமானிதம்.

பிள்ளைகளிடம் உண்மை கேட்கும் நாம், அதைச் சொல்லத் துணியும் வீட்டை அவர்களுக்குக் கொடுத்திருக்கிறோமா?