வழிமுறையும் உடைமையும்: தொகுப்பி மென்பொருட் காப்புரிமை குறித்த ஓர் அறவியல் நோக்கு

ஒருவர் கட்டிய வீட்டில் மற்றொருவர் குடியேறினால் கட்டியவர் வீட்டை இழக்கிறார். ஒருவர் கண்ட வழிமுறையை மற்றொருவர் பின்பற்றினால் முன்னவர் அதனை இழப்பதில்லை. எனினும் சட்டம் இரண்டையும் உடைமை என்றே வழங்குகின்றது. இதன் அறநிலையை ஆராய்வதற்கு, நிரல்களை எந்திரமொழிக்குப் பெயர்க்கும் கம்பைலர் என்னும் தொகுப்பி மென்பொருள் தக்கதொரு களமாகும்.

போர்லாண்டு நிறுவனம் 1994இல் விண்ணப்பித்து, 1997 மே மாதம் அமெரிக்கக் காப்புரிமை ஒன்றைப் பெற்றது. நிரல் இயங்குகையில் பிழை நேர்ந்தால் அதனை எப்பகுதி கையாள வேண்டும் என்னும் குறிப்பை நினைவக அடுக்கிலேயே பதிந்துவைக்கும் முறை பற்றியது அது. 32 பிட் விண்டோஸ் இயங்குதளமும் இத்தகைய பதிவு முறையையே தன் மரபாகக் கொண்டிருந்தது. கட்டற்ற மென்பொருளான ஜிசிசி தொகுப்பி, காப்புரிமையை முன்னிட்டு அம்முறையைத் தவிர்த்தது. அது கைக்கொண்ட மாற்று முறைகளுள் ஒன்று, பிழையே நேராதபோதும் இயக்க வேகத்தைக் குறைத்தது. மற்றொன்று, பிற தொகுப்பிகள் ஆக்கிய பகுதிகளைக் கடந்து செல்ல இயலாதது. காப்புரிமை 2014 ஜூனில்தான் முடிவுற்றது.

காப்புரிமையை ஆதரிப்போர் கூறும் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. கண்டவர் தம் முறையை மறைக்காது வெளிப்படுத்துகிறார். சமுதாயம் அதற்குக் கைம்மாறாகக் குறித்த காலத் தனியுரிமை தருகின்றது. ஆயின் இங்கு வெளிப்பட்டது யாது? அந்நாளில் அமெரிக்க விண்ணப்பங்கள் உரிமை வழங்கப்படும்வரை வெளியிடப்படுவதில்லை. விண்டோஸ் கையாளும் பதிவு முறையையோ 1997 ஜனவரியிலேயே ஒரு தொழில்நுட்ப இதழ் விரிவாக விளக்கிவிட்டது. கைம்மாறு பெற்ற வெளிப்படுத்தல் அதற்குப் பின்னரே வந்தது.

இதனினும் கடுமையான சிக்கல் ஒன்றுண்டு. பதிப்புரிமை சொல்லமைப்பைக் காக்கின்றது. காப்புரிமையோ பொருளையே பற்றுகின்றது. ஆகவே பிறர் ஆக்கத்தைக் காணாமலே, தாமே சிந்தித்து அம்முறையை அடைந்தவரும் அத்துமீறியவராகிறார். களவு என்பதற்கு இன்றியமையாத நெஞ்சறிந்த செயல் இங்கு இல்லை. பொறுப்பு மட்டும் இருக்கின்றது. (இது போர்லாண்டின் குற்றமன்று, அந்நிறுவனம் சட்டம் அளித்ததையே பெற்றது.)

இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 2002ஆம் ஆண்டுத் திருத்தம், ‘தன்னளவிலான’ கணினி நிரலையும் வழிமுறையையும் காப்புரிமைக்குரிய கண்டுபிடிப்பின் எல்லைக்குப் புறத்தே நிறுத்தியது. 2004 டிசம்பரில் வந்த அவசரச் சட்டம் இதனைத் தளர்த்த முயன்றது. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தில் அத்தளர்வு இடம்பெறவில்லை. புதிய வன்பொருளும் உடனிருத்தல் வேண்டும் என 2016இல் வகுக்கப்பட்ட வழிகாட்டு நெறி, மறு ஆண்டே கைவிடப்பட்டது. ‘தன்னளவில்’ என்னும் அவ்வொரு சொல்லின் பொருளெல்லை குறித்தே பின்னரும் வழக்குகள் நடந்துள்ளன.