காவலா, ஒற்றா?

பிள்ளையைக் காப்பது பெற்றோரின் கடமை. பிறருடைய அந்தரங்கத்தைத் துருவாதிருப்பது மனிதர் எல்லோருக்குமான கடமை. இவ்விரண்டும் ஒரே வீட்டில், ஒரே பொருளின் முன்னே எதிரெதிராக வந்து நின்றால் எதற்கு வழிவிடுவது? பிள்ளையின் கையிலிருக்கும் கைபேசி இக்கேள்வியை இன்று ஒவ்வொரு வீட்டிலும் எழுப்பியிருக்கிறது. உறங்கும் மகனின் தலைமாட்டிலிருந்து அதை எடுத்துப் பார்க்கும் தந்தை காவல் புரிகிறாரா, ஒற்று வேலை செய்கிறாரா?

நாம் வாழும் திருவள்ளூர் மாவட்டத்துக்கும் இக்கேள்விக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 2011 செப்டம்பர் 15ஆம் நாள், தமிழக மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் திருவள்ளூரை அடுத்த காக்களூரில் தொடங்கப்பெற்றது. அதே நாளில் கும்மிடிப்பூண்டியை அடுத்த பாப்பன்குப்பத்தில் கறவை மாடுகளும் ஆடுகளும் வழங்கும் திட்டம் தொடங்கிற்று. ஆட்டைப் பெற்றவருக்கு அதை எங்கே கட்டுவது, எங்கே மேய விடுவது, எந்த நேரத்தில் நரிக்கு அஞ்சுவது என்பவை தலைமுறை தலைமுறையாகத் தெரியும். கணினியைப் பெற்ற வீட்டிலோ, அதன் மேய்ச்சல் நிலம் எது, நரி எத்திசையிலிருந்து வரும் என்று சொல்லித்தரப் பாட்டனும் இல்லை, பாட்டியும் இல்லை.

2020 மார்ச்சில் கொரோனா பள்ளிகளைப் பூட்டியது. ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் மீண்டும் திறந்த நாள் 2021 நவம்பர் 1. இடைப்பட்ட காலத்தில் கல்வித் தொலைக்காட்சியும் கைபேசியுமே பள்ளிக்கூடமாயின. பாடநூலில் அச்சிட்ட கியூஆர் குறியீட்டைக் கைபேசியில் காட்டினால் பாடம் திரையில் விரிந்தது. பள்ளி திறந்த பின்னரும் கைபேசி வீட்டை விட்டுப் போகவில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புருக்காலைகளிலும் பிற தொழிற்சாலைகளிலும் ஷிப்டு முறையில் உழைப்போர் வீடுகளை எண்ணிப் பாருங்கள். இரவுப் பணி முடித்து வந்த தந்தை பகலில் உறங்குகிறார். தாயும் வேலைக்குச் சென்றிருக்கக் கூடும். பள்ளி விட்டு வரும் பிள்ளைக்குத் துணை அந்தக் கருவியே. அவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆயினும் அவர்கள் உறங்கும் வேளையிலும் அந்தக் கருவி உறங்குவதில்லை என்பதை மறக்கவும் இயலாது.

இதற்கு இரண்டு தீர்வுகள் சொல்லப்படுகின்றன. ஒன்று, முற்றாகத் தடுப்பது. ஆஸ்திரேலிய நாடு பதினாறு வயதுக்கு உட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதை 2025 டிசம்பர் முதல் தடுத்துள்ளது. அரசு செய்யும் தடுப்புக்கு ஒரு பயன் இருக்கலாம். ஆனால் பாடமும் தேர்வு முடிவும் கல்லூரி விண்ணப்பமும் அதே கருவி வழியாக வரும்போது, வீட்டில் முழுத் தடை எத்தனை நாள் நிற்கும்? நம் முன்னோர் தமிழை அறபு எழுத்தில் எழுதி, கல்லச்சு வந்த காலத்தில் அதையும் கைக்கொண்டு மார்க்க நூல்களை வெளியிட்டவர்கள். புதிய கருவியைக் கண்டு ஓடுவது நம் மரபன்று.

மற்றது, பிள்ளைக்குத் தெரியாமல் கண்காணிப்பது. இதற்கென்றே செயலிகளும் விற்கப்படுகின்றன. ஈண்டுதான் நாம் சற்று நிதானிக்க வேண்டும். பிறர் குறையைத் துருவித் தேடுவதைத் திருமறையின் சூரத்துல் ஹுஜுராத் வெளிப்படையாகத் தடுக்கிறது. வள்ளுவரும் ஒற்றாடலுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார்; ஆனால் அதைப் பொருட்பாலில், அரசனின் கருவிகளுள் ஒன்றாக வைத்தார். பிள்ளைகளைப் பற்றிய மக்கட்பேறோ இல்லறத்தில் இருக்கிறது. ஒற்று நாட்டுக்கு வேண்டியதாயிருக்கலாம்; அது வீட்டுக்குரிய கருவியன்று.

அவ்வாறாயின் பெற்றோர் கண்ணை மூடிக்கொள்வதா? அதுவும் இல்லை. நீங்கள் ஒவ்வொருவரும் மேய்ப்பரே, உங்கள் பொறுப்பில் உள்ளோரைப் பற்றி வினவப்படுவீர் என்னும் கருத்தைப் பெருமானார் (ஸல்) அவர்கள் நமக்கு விட்டுச் சென்றார்கள். மேய்ப்பர் பார்த்தே ஆக வேண்டும். காவலுக்கும் ஒற்றுக்கும் உள்ள வேறுபாடு எவ்வளவு பார்க்கிறோம் என்பதில் இல்லை. பார்க்கப்படுபவர் அதை அறிவாரா என்பதில் இருக்கிறது. காவலர் வெளிச்சத்தில், வாசலில் நிற்கிறார்; ஒற்றர் இருளில் நிற்கிறார்.

வாசலின் ஒழுக்கத்தைச் சூரத்துந் நூர் நமக்குக் கற்பிக்கிறது. பருவம் எய்தாத பிள்ளைகள் நாளில் மூன்று வேளைகளில் மட்டும் அனுமதி கேட்டு அறைக்குள் வர வேண்டும். பருவம் எய்திய பின்னர் எப்போதும் கேட்க வேண்டும். பெரியோரின் அந்தரங்கத்தைப் பிள்ளைகள் மதிக்கச் சொன்ன ஏற்பாடு இது. ஆயினும் இதனுள் ஓர் அளவுகோல் இருப்பதை நாம் காண்கிறோம்: வயது ஏற ஏற, அனுமதியின் எல்லையும் விரிகிறது. பெரியோரிடம் கேட்டு நுழையப் பழகிய பிள்ளைக்குத் தன் வாசலிலும் பிறர் கேட்டு நிற்பர் என்னும் நம்பிக்கை வேண்டாமா? ஆகவே எட்டு வயதுப் பிள்ளையின் கருவியைப் பெற்றோர் உடனமர்ந்து இயக்கலாம். பன்னிரண்டு வயதில், கூடத்தில் வைத்தே பார்க்க வேண்டும், நாங்களும் பார்ப்போம் என்று முன்கூட்டியே சொல்லிப் பார்க்கலாம். பதினாறில், கேட்டுப் பார்ப்பதே முறை.

சொல்லிவிட்டுப் பார்த்தால் பிள்ளை மறைத்துவிடாதா என்று வினவுவர். நியாயமான வினாவே. ஆனால் இத்துறையில் தீங்கு எவ்வாறு நுழைகிறது என்பதை எண்ணிப் பாருங்கள். விளையாட்டுச் செயலியில் அறிமுகமாகும் அந்நியன் முதலில் புகழ்கிறான். பின்னர் ஒரு படம் கேட்கிறான். வீட்டில் சொல்லாதே என்கிறான். இறுதியில் சொல்லிவிடுவேன் என்று மிரட்டுகிறான். அவனுடைய முதலீடு முழுவதும் பிள்ளை வீட்டாருக்கு அஞ்சும் அச்சமே. ஒளிந்து பார்க்கும் பெற்றோர் என்றேனும் அகப்படுவர். அன்று பிள்ளை கற்பது, இவ்வீட்டில் ஒளிப்பதே வழக்கம் என்னும் பாடத்தை. நமக்கு வேண்டியது அகப்படும் பிள்ளையன்று, தானே வந்து சொல்லும் பிள்ளை.

கி.பி. 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது இஹ்யா உலூமித்தீனில் குழந்தை வளர்ப்பைப் பேசும் இடத்தில், பிள்ளை ஒருமுறை தவறி, அதை மறைக்கவும் முயன்றால், கண்டும் காணாதது போல் விடுவது நலம் என்கிறார்கள். வெளிப்படுத்தினால் பிள்ளை துணிந்துவிடக் கூடும். மீண்டும் நிகழ்ந்தால் தனிமையில் கண்டிக்க வேண்டும். ஓயாமல் ஏசினால் ஏச்சு பழகிப்போகும். நூற்றாண்டுகள் கடந்தும் இவ்வறிவு மங்கவில்லை.

ஆனால் இதற்கு ஓர் எல்லை உண்டு. தவறு செய்த பிள்ளை வேறு. தீங்கு செய்யப்பட்ட பிள்ளை வேறு. பிள்ளையின் படத்தை, மெய்யானதோ பொய்யாகப் புனைந்ததோ, வைத்துப் பாலியல் நோக்கில் மிரட்டுவது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி குற்றம். அச்சட்டத்தின்கீழ் வரும் குற்றத்தை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவிப்பது கடமை. குடும்ப மானம் கருதி மூடுவது இங்கே பொருந்தாது. அதனினும் கொடியது, மிரட்டப்பட்ட பெண்பிள்ளையின் கைபேசியைப் பறித்து, பள்ளியை நிறுத்தி வீட்டில் இருத்துவது. களவு கொடுத்தவரைச் சிறையில் இடும் நீதி எங்கேனும் உண்டா? அண்டை வீட்டுப் பெண்கள் இதைக் கண்டால் என்ன கற்பார்கள்? வாய் திறந்தால் படிப்பு போய்விடும் என்றன்றோ கற்பார்கள்! மிரட்டுபவனுக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

வாசலில் நின்று கேட்கும் ஒழுக்கம் பெற்றோருக்கு மட்டும் உரியதன்று. கொரோனா காலத்தில் 49 நாடுகளில் பரிந்துரைக்கப்பட்ட 163 கல்விச் செயலிகளையும் தளங்களையும் மனித உரிமைகள் கண்காணிப்பகம் ஆராய்ந்து, அவற்றுள் 145 பிள்ளைகளின் உரிமையை மீறின அல்லது ஆபத்துக்கு உள்ளாக்கின என்று 2022இல் அறிவித்தது. நம் நாட்டின் திக்ஷா தளத்தில், பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களும் ஏறத்தாழ ஆறு இலட்சம் மாணவர்களும் சார்ந்த விவரங்கள் பூட்டில்லாத சேமிப்பகத்தில் கிடந்தது 2023 சனவரியில் வெளியாயிற்று. அதே ஆண்டில் நிறைவேறிய தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயதுக்கு உட்பட்டோரின் தரவைக் கையாளப் பெற்றோரின் அனுமதி வேண்டும் என்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டுப் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. பிள்ளையின் படத்தையும் மதிப்பெண்ணையும் கேளாமலே வாட்ஸ்அப் குழுவில் இடும் பள்ளியும் மத்ரஸாவும் இவ்வொழுக்கத்துக்குக் கட்டுப்பட்டவையே. தன்னைக் கேளாமல் எவரும் தன் படத்தை எடுத்துப் போடலாம் என்று கண்டு வளரும் பிள்ளை, அந்நியன் கேட்கும்போது மட்டும் எப்படி மறுக்கும்?

ஆகவே பிள்ளைக்கு மூன்றைக் கற்பிப்போம். முகம், முகவரி, கடவுச்சொல் ஆகியவை உன்னுடையவை, கேட்டவர்க்கெல்லாம் கொடுக்காதே. வீட்டில் சொல்லாதே என்று எவர் சொன்னாலும் அதை முதலில் வீட்டில் சொல். என்ன நேர்ந்திருந்தாலும், நீ வந்து சொன்னதற்காக உன்னை அடிக்க மாட்டோம். இணையக் குற்றத்துக்கு 1930, குழந்தைகள் உதவிக்கு 1098 என்னும் எண்களை வாய்ப்பாட்டோடு சேர்த்து மனனம் செய்விப்போம்.

முதல் இரண்டும் பிள்ளை காக்க வேண்டியவை. மூன்றாவது நாம் காக்க வேண்டிய வாக்கு. அவ்வாக்கு ஒருமுறை முறிந்தால், பிள்ளை அடுத்த முறை நம்மிடம் வராது. அதைக் காத்து நிற்கும் பெற்றோருக்கு ஒற்று வேலைக்குத் தேவையும் இராது.