கதிர் பொறுக்கும் வயலில் கடவுள்

ஜவளகிரியில் ராகி முற்றும் மாதங்களில் பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானைகள் வரும். விவசாயிகள் பரணில் இரவெல்லாம் கண்விழித்துக் காவல் இருப்பார்கள். விடிந்தால், பிள்ளைகள் ஓசூருக்கு ஷிப்ட் வேலைக்குப் புறப்படுவார்கள். இந்த ஓட்டத்தில் கடவுள் எங்கே?

வேதாகமத்தில் ரூத்தின் கதையைப் பாருங்கள். வானத்திலிருந்து குரல் இல்லை, தரிசனம் இல்லை. மாமியாரைக் கைவிடாத மருமகள் பெத்லகேம் வயலில் கதிர் பொறுக்குகிறாள். அவளுக்காக வேண்டுமென்றே கதிர்களைச் சிந்தவிடச் சொல்கிறார் வயலுக்குரிய போவாஸ். பின்னர் அவர் ரூத்தை மணந்தார். அந்தக் குடும்பத்தில்தான் தாவீது அரசர் பிறந்தார். அதே வம்சத்தில் இயேசுவும் வந்தார்.

அன்றாட உழைப்பிலும் அடுத்தவர் இரக்கத்திலும்தான் கடவுள் அதிகம் செயல்படுகிறார். இன்று உங்களுக்கு உதவிய ஒருவரை நினைத்து, படுக்கும் முன் அவருக்கு நன்றி சொல்லுங்கள். நாளை நீங்களும் ஒருவருக்கு உதவுங்கள்.