ஆடல் ஒரு தொழிலாகுமா?

தஞ்சோங் பகார்த் துறைமுகத்தில் பல்லாண்டு மூட்டை சுமந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் எமக்கு அறிமுகமானவர். அவருடைய பேர்த்தி பாலே என்னும் மேல்நாட்டு நடனம் பயில்கிறாள். அதையே வாழ்க்கைத் தொழிலாகக் கொள்ளப் போவதாக அவள் சொன்னாள். வீட்டில் பெருங்குழப்பம் மூண்டது. "ஆடிப் பிழைப்பதும் ஒரு பிழைப்பா?" என்று சீறினார் தகப்பனார். பெரியவரோ எம்மிடம் வந்து, "தம்பி, நான் தோளை நம்பிப் பிழைத்தேன். அவள் காலை நம்பிப் பிழைக்கக் கூடாதா?" என்றார்.

இக்கேள்விக்கு விடை கூறுமுன் அத்தொழில் எத்தகையது என்பதை அறிதல் வேண்டும்.

பாலே பயில்வோர் பெரும்பாலும் 8 அல்லது 10 வயதிலேயே முறையான பயிற்சி தொடங்குகின்றனர். சுவரோரக் கம்பியைப் பற்றி நின்று முழங்காலை மடக்கி நிமிர்த்துவது முதற் பாடம். பேர் பெற்ற பின்னரும் அப்பாடத்தை அன்றாடம் செய்தே ஆக வேண்டும். பெண்கள் பாதமும் கணுக்காலும் போதிய வலிவு பெற்ற பின், 12 வயதை ஒட்டி, நுனி கெட்டியான காலணி பூண்டு விரல் நுனியில் நிற்கப் பழகுகின்றனர். காலையில் பயிற்சி, பகலில் ஒத்திகை, இரவில் மேடை என நாள் கழிகிறது. 40 வயதை எட்டுமுன்னரே பெரும்பாலோர்க்கு மேடை வாழ்வு முடிந்துவிடுகிறது.

இத்துணை உழைப்புள்ள தொழிலை நம்மவர் இழிவாக எண்ணுவது ஏன்? காரணம் நமது பழைய வழக்கத்தில் இருக்கிறது. தமிழகத்தில் ஆடல் பிறப்போடு பிணைக்கப்பட்டிருந்தது. கோவிலுக்குப் பொட்டுக் கட்டப்பட்டவள் வெளியேற வழியில்லை. பிற குலத்தாள் உட்புக வழியில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி போன்றோர் இடைவிடாது போராடியதன் பயனாக 1947இல் சென்னை மாகாணத்தில் பொட்டுக் கட்டும் வழக்கம் சட்டத்தால் ஒழிந்தது. அதற்கு முன்பே, பாலே பயின்றவரும், ருஷிய நடனமணி அன்னா பாவ்லோவாவின் தூண்டுதலால் நம் நாட்டு நடனத்தின்பால் திரும்பியவருமான ருக்மிணி தேவி, 1935இல் அடையாற்றில் மேடையேறினார். பிற குலத்தார்க்குக் கதவு திறந்தது. ஆயினும் அக்கலையைக் காத்து வந்த மகளிர் பலர் கலையையும் பிழைப்பையும் ஒருங்கே இழந்தனர். சிறையை உடைத்தது அறமே. வெளிவந்தோர் எங்கே போவர் என்று சமூகம் எண்ணிப் பாராதது பெரும் பிழை.

மேல்நாடு மட்டும் மாசற்றிருந்ததா? பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸ் ஆப்பெராவில் ஆடிய ஏழைச் சிறுமியர் பலர் செல்வர்தம் இச்சைக்கு இரையாயினர். இன்று அதே ஆப்பெராவின் நடனக் கலைஞர் 42 வயதில் ஓய்வூதியத்தோடு விலகுகின்றனர். ஆடுவோர் உரிமை பெற்றனர். தொழிலும் மதிப்புப் பெற்றது.

நம் சிங்கப்பூரையே பாருங்கள். 1948இல் இங்குப் பிறந்த கோ சூ சான், பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியல் பட்டம் பெற்ற பின்னரே ஹாலந்து தேசிய பாலே குழுவில் சேர்ந்தார். பின்னர் வாஷிங்டனில் நடனங்களை அமைத்து உலகப் புகழ் எய்தி, 1987இல் மறைந்தார். அவர்தம் தமக்கை கோ சூ கிம், ஆண்டனி தென் என்பாரோடு 1988இல் தொடங்கிய நடனக் குழுவே இன்றைய சிங்கப்பூர் பாலே. ஆகவே இந்நகரிலேயே ஆடி ஊதியம் பெறுவோர் உளர்.

எமது கருத்து இதுவே: தன் விருப்பால் புகுந்து, நேரிய கூலியால் வாழ்ந்து, மானத்தோடு விலகக் கூடுமாயின் எத்தொழிலும் இழிவன்று. இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் எவ்வளவு கைதட்டல் கிடைத்தும் அது அடிமைத்தனமே. இவ்வளவுகோல் மூட்டை தூக்கும் தோளுக்கும் பொருந்தும்; ஆடும் காலுக்கும் பொருந்தும்.

பெரியவரிடம் யாம் இவ்வாறே சொன்னோம்: "பெண்ணை ஆட விடுங்கள், படிப்பை மட்டும் விட விடாதீர்கள். கால் ஓயும் நாளில் அவளுக்கு வேறொரு வழி திறந்திருக்க வேண்டும்." அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, "எனக்கு இதைச் சொல்ல அன்று ஆளில்லையே, தம்பி" என்றார்.

அவர் சொன்னது நம் அனைவரையும் நோக்கிய சொல். சுமந்தவனுக்குக் கூலி கொடுத்தோம்; ஆடுகிறவளுக்குக் கை தட்டுகிறோம். தோளும் காலும் ஓய்ந்த பிறகு அவர்கள் வாழ்வது எப்படி என்று கேட்கிறோமா?