பிறருடைய கடிதங்கள்

வரலாற்றாசிரியர் பிறருடைய கடிதங்களை அவர்களைக் கேளாமல் வாசித்துப் பிழைப்பவர். இறந்தவர்கள் ஆட்சேபிப்பதில்லை, ஆகவே யாரும் இதைக் குற்றமாகக் கொள்வதில்லை. உயிரோடிருக்கும் வரலாற்றாசிரியரின் கடிதங்களையே ஒரு கட்சி கேட்டால்?

2011இல் அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் அதுதான் நடந்தது. கேட்கப்பட்டவர் மடிசன் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் குறோனன். சுற்றுச்சூழல் வரலாற்றை ஒரு துறையாக நிலைநிறுத்தியவர்களில் ஒருவர். 1991இல் வெளியான அவருடைய பெரிய நூல், சுற்றியிருந்த காட்டையும் புல்வெளியையும் சிக்காகோ நகரம் எப்படி மரமும் தானியமும் இறைச்சியுமாக்கி விற்றது என்று சொல்கிறது. நகரத்தின் கை எவ்வளவு தூரம் நீண்டது என்பதை அறிய, 1870களில் வங்குரோத்தான வியாபாரிகளின் வழக்குப் பதிவுகளை அவர் புரட்டினார். யாருக்கு யார் எவ்வளவு கடன் என்ற, அந்த மனிதர்கள் மறைக்க விரும்பியிருக்கக்கூடிய விபரங்கள்.

2011 தொடக்கத்தில் ஆளுநர் ஸ்கொட் வோக்கர், அரச ஊழியரின் கூட்டாகப் பேரம் பேசும் உரிமையை வெட்டும் சட்டத்தைக் கொண்டுவந்தார். இப்படியான மசோதாக்கள் எங்கே தயாராகின்றன என்று தேடிய குறோனன், மாநிலச் சட்டமன்ற உறுப்பினரும் கம்பனிகளும் சேர்ந்து மாதிரிச் சட்டங்கள் வரையும் 'அலெக்' என்ற அமைப்பைப் பற்றி மார்ச் மாதத்தில் எழுதினார். இரண்டே நாளில், மாநிலக் குடியரசுக் கட்சி அவருடைய பல்கலைக்கழக மின்னஞ்சல்களைக் கேட்டது. ஆளுநரின் பெயர், தொழிற்சங்கங்களின் பெயர்கள் எனத் தேடவேண்டிய சொற்களின் பட்டியலும் கூடவே வந்தது.

கேட்டது சட்டப்படிதான். அரச பதிவுகளைத் திறந்துவைக்கும் சட்டம் அது. ஆற்றில் எதைக் கொட்டினார்கள் என்று கண்டறியச் சூழலியலாளர் நம்பியிருப்பதும் இவ்வகைச் சட்டங்களைத்தான். குறோனனும் அந்தச் சட்டத்தை ஆதரிப்பவர்தான். அப்படியானால் எந்த முகத்தோடு மறுப்பது?

சொற்களை முன்கூட்டியே குறித்துக்கொடுத்துத் தேடுவது வாசிப்பல்ல, வலைவீச்சு என்று முதலில் நினைத்தேன். ஆனால் ஆவணக் காப்பகத்துக்குள் வெறுங்கையோடு நுழையும் வரலாற்றாசிரியர் யார்? வித்தியாசம் வேறிடத்தில் இருக்கிறது. வங்குரோத்தான வியாபாரிக்கு இனிமேல் ஒன்றும் நேரப்போவதில்லை. பேராசிரியருக்கு எழுதிய மாணவனோ நாளைக்கு எழுதாமல் விடுவான். போர்க்காலத்தில் ஊருக்குக் கடிதம் போட்டவர்களுக்கு இது விளங்கும். இடையில் யாரோ பிரித்து வாசிப்பான் என்று தெரிந்தால், சுகம் விசாரிப்பதோடு நிறுத்திக்கொள்வோம்.

ஏப்ரலில் பல்கலைக்கழகம் சிலவற்றைக் கொடுத்தது. மாணவரோடும் சக ஆய்வாளரோடும் பரிமாறியவற்றைக் கொடுக்க மறுத்தது. சரியென்றே நினைக்கிறேன். ஆனாலும் 100 வருடம் கழித்து அந்த 2011ஐ எழுத வருபவர் முதலில் தேடப்போவது கொடுக்காமல் விட்ட அந்தக் கடிதங்களைத்தான். குறோனனும் அவற்றைத்தான் தேடியிருப்பார்.