வாடகை அறைக்கா, தெருவுக்கா?

சென்னை பெசன்ட் நகரில் ஒற்றை அறையில் குடியிருக்கிறேன். கட்டிலும் பீரோவும் போட்டபின் நடக்க ஒரு பாதை மிஞ்சும். ஓரமாக அடுப்பு மேடை, ஒரு கதவுக்குப் பின்னால் குளியலறை. "இந்த வாடகைக்குத் தாம்பரம் தாண்டினா முழு வீடே கிடைக்குமே, கண்ணு" என்பார் அத்தை. அது உண்மைதான். அப்படியானால் மிச்சப் பணத்தை நான் எதற்குக் கொடுக்கிறேன்?

இரவு வேலை முடிந்து பஸ் டெர்மினஸில் இறங்கினால் வீட்டு வாசல்வரை விளக்கு எரிகிறது. மருந்துக்கடை திறந்திருக்கிறது. வெயில் நேரத்திலும் தூங்குமூஞ்சி மரங்களின் நிழலில் நடக்க முடிகிறது. விடியற்காலையில் எலியட்ஸ் கடற்கரையில் தனியாகப் போகும் பெண்ணை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. தனியாக வாழும் பெண்ணுக்கு இது ஆடம்பரம் ஆகாது. பயமில்லாமல் வெளியே போய் வர முடிந்தால்தான் சின்ன அறையும் வீடாகிறது. ஆக, வாடகையின் பெரும்பகுதி தெருவுக்குத்தான் போகிறது.

அந்தத் தெருவை உண்டாக்கியவர் என் வீட்டு உரிமையாளர் இல்லை. 1970-களில் வீட்டு வசதி வாரியம் மனை பிரித்து, சாலை போட்டு வளர்த்த பகுதி இது. விளக்கும் குப்பை அள்ளும் ஏற்பாடும் மாநகராட்சியுடையவை. ஊரார் பணத்தில் உருவான இடத்துக்கு, இன்று கையில் காசுள்ளவர்களால் மட்டுமே குடிவர முடிகிறது. காசு இருந்தாலும் 'குடும்பத்துக்கு மட்டும்', 'சைவம் மட்டும்' என்று கதவை அடைப்பவர்கள் உண்டு. அட்வான்ஸ் இன்னொரு பூட்டு. 2019-ல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் முன்பணத்தை மூன்று மாத வாடகைக்குள் நிறுத்தப் பார்க்கிறது. ஆனால் இரு தரப்பும் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளலாம் என்று வழியும் விடுகிறது. வீடு தேடி அலைபவர், கேட்ட தொகைக்குத் தலையாட்டத்தான் செய்வார்.

எங்கள் கட்டடத்தைக் கூட்டிப் பெருக்கும் அக்கா கண்ணகி நகரிலிருந்து இருட்டோடு பஸ் பிடித்து வருகிறார். நகரத்துக்குள் குடிசையில் இருந்தவர்களைக் கொண்டுபோய் வைக்கக் குடிசை மாற்று வாரியம் கட்டிய குடியிருப்பு அது. இங்கே மனை பிரித்ததும் அரசு, அங்கே அடுக்கடுக்காக வீடு கட்டியதும் அரசு. அகலமான சாலையும் நிழலும் கடலும் ஒரு பக்கம் சேர்ந்தன. ஒண்டக்கூட இடமில்லாத வீடுகளும் வேலைக்கு வரும் நீண்ட பயணமும் இன்னொரு பக்கம். நான் பணம் கொடுத்து வாங்கும் தைரியத்தை, அந்த அக்காவால் எந்தப் பணம் கொடுத்தும் வாங்க முடியாது.

இதை யோசித்தபின் என் கேள்வி மாறிவிட்டது. இந்த அறைக்கு இவ்வளவு தகுமா என்று நான் இப்போது கேட்பதில்லை. வெளிச்சமும் நிழலும் பயமில்லாத நடையும் ஏன் சில தெருக்களுக்கு மட்டும் வாய்க்கின்றன என்று கேட்கிறேன். நல்ல தெருவில் குடியிருப்பவர்களுக்கு ஒரு கடமை உண்டு. நம் தெரு விளக்கு அணைந்தால் உடனே புகார் கொடுக்கிறோம். நாம் குடியிருக்காத தெருக்களுக்காகவும் அதே குரலில் கேட்க வேண்டும். ஓட்டுக் கேட்டு வருபவரிடம் முதலில் அதைத்தான் கேட்க வேண்டும். இங்கே கிடைப்பது ஊரெங்கும் கிடைக்கும் நாளில், அறைக்கு அறையின் வாடகை மட்டும் கொடுத்தால் போதும்.