ஒரே பெட்டி, ஒரே பாட்டு



2006-ஆம் ஆண்டு மலேசியாவிலிருந்து ‘வல்லவன்’ என்றொரு பாட்டுத் தொகுப்பு வந்தது. யோகி பி, அவருடன் டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ். மூவரும் சேர்ந்தது ‘யோகி பி அண்ட் நட்சத்ரா’. தமிழில் ராப். படத்தில் வராத ஒரு பாட்டு தமிழ்நாட்டில் ஊர் ஊராகப் போய்ச் சேர்வது அபூர்வம். இது சேர்ந்தது. செல்போன் கடையில் மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தருவார்களே, அந்த வழியாகப் பட்டு நெய்யும் எங்கள் ஆரணிக்கும் வந்தது. அன்றைக்குப் பதினைந்து, பதினாறு வயதில் இருந்தவர்களுக்கு அதுதான் எங்கள் குழு, எங்கள் பாட்டு. பெரியவர்களுக்குப் பிடிக்காது என்பதே அதில் பாதி ருசி.

ஆனால் பெரியவர்கள் காதில் விழாமல் ஆரணியில் பாட்டுக் கேட்க முடியாது. தறி போட்ட வீட்டில் இடம் ஏது? கூடத்தில் பாதியைத் தறிக்குழி எடுத்துக்கொள்ளும். பட்டுச் சேலை ஒன்று தறியிலிருந்து இறங்க நாள்கணக்கில் ஆகும். நெய்கிறவருக்குக் கை நாடாவில், கால் மிதியில், கண் கரையில். சும்மா இருப்பது காது ஒன்றுதான். அதனால் தறி ஓடும் வரை பக்கத்தில் ஒரு பெட்டி பாடிக்கொண்டே இருக்கும். முதலில் ரேடியோ, பிறகு டேப் ரெக்கார்டர், அப்புறம் செல்போனைச் செருகிய ஸ்பீக்கர். நெய்கிற அப்பா, ராட்டையில் தார் சுற்றுகிற அம்மா, திண்ணையில் தாத்தா, எல்லாருக்கும் அந்த ஒரே பெட்டி.

அந்தப் பெட்டியில் ஒருநாள் நட்சத்ராவின் ‘மடை திறந்து’ ஓடியது. அப்பா தறியை நிறுத்தினார். “நல்ல பாட்டைக் கெடுத்து வெச்சிருக்கானுங்கடா. இது எங்க பாட்டு” என்றார். நான் நம்பவில்லை. அவர் சரணத்தைப் பாடிக் காட்டினார். எங்கள் பாட்டில் அந்த இடத்தில் வேறு என்னவோ இருந்தது.

அவர் சொன்னது சரிதான். 1980-ல் வந்த பாரதிராஜாவின் ‘நிழல்கள்’ படத்துப் பாட்டு அது. இளையராஜா இசை, வாலி வரிகள், எஸ்.பி.பாலசுப்ரமணியம் குரல். அப்பாவின் இளவயதுப் பாட்டைத்தான் மலேசியப் பிள்ளைகள் எடுத்து நடுவில் ராப் வைத்திருந்தார்கள். அப்பாவை எதிர்ப்பதற்கென்று நான் பிடித்து வைத்த ஆயுதம் அப்பாவின் பெட்டியிலிருந்தே வந்ததாகப் போயிற்று.

அப்பாவுக்கும் பிடித்த பாப் குழு ஒன்று உண்டு. வேடிக்கை என்னவென்றால், அந்தக் குழு உலகத்தில் இல்லவே இல்லை. 1979-ல் கே.பாலசந்தர் எடுத்த ‘நினைத்தாலே இனிக்கும்’ படத்தில், சிங்கப்பூருக்குக் கச்சேரி செய்யப் போகிறதே ஒரு குழு, கமலும் ரஜினியும் இருப்பார்களே, அதுதான். கதை சுஜாதா, பாட்டு கண்ணதாசன், இசை எம்.எஸ்.விஸ்வநாதன். இங்கே கோயில் திருவிழாவில் மேடை ஏறும் மெல்லிசைக் குழுவைத்தான் நேரில் பார்க்க முடியும். பளபளக்கும் சட்டையும் கிதாரும் விமானமும் திரையில்தான். இல்லாத குழுவுக்கு ரசிகராக இருப்பதில் ஒரு வசதி உண்டு. அது கலையாது, சண்டை போட்டுப் பிரியாது.

2007-ல் ‘பொல்லாதவன்’ படம் வந்தது. அதில் ‘நினைத்தாலே இனிக்கும்’ படத்தின் ‘எங்கேயும் எப்போதும்’ பாட்டைப் புதிதாக்கியிருந்தார்கள். ராப் பாடியவர் யார் என்கிறீர்கள்? எங்கள் யோகி பி. அப்பாவின் குழுவும் என் குழுவும் ஒரே பாட்டில் சந்தித்துவிட்டன. இந்த முறை அப்பா தறியை நிறுத்தவில்லை. பரவாயில்லை என்று மட்டும் சொன்னதாக ஞாபகம்.

பெற்றோரின் பாட்டு பிள்ளைகளுக்குள் இறங்குவதைப் பற்றி ஓர் ஆராய்ச்சியே இருக்கிறது. பத்து வயதிலிருந்து முப்பது வயதுக்குள் கேட்டதும் பார்த்ததும்தான் பின்னாளில் அதிகம் நினைவுக்கு வருகிறது என்று உளவியலார் நெடுநாளாகச் சொல்லி வருகிறார்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தின் கரோல் கிரம்ஹான்சல், 2013-ல் இன்னொருவருடன் சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டார். 1955 முதல் 2009 வரை அமெரிக்காவில் புகழ்பெற்ற பாட்டுகளை இருபது வயது மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். தங்கள் காலத்துப் பாட்டு நினைவில் இருந்ததில் வியப்பில்லை. பெற்றோர் இளைஞர்களாக இருந்த எண்பதுகளின் பாட்டும் அவர்கள் மனதில் நன்றாகப் பதிந்திருந்தது. அறுபதுகளின் பாட்டுகூட ஓரளவு இருந்தது. வீட்டில் பெரியவர்கள் போட்டுக் கேட்டது பிள்ளைகளுக்குள் இறங்கியிருக்கலாம் என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று.

‘அந்தக் காலத்துப் பாட்டு போல வருமா’ என்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்தக் காலத்திலும் மட்டமான பாட்டு ஏராளம். நமக்கு அப்போது பதினைந்து வயது, அவ்வளவுதான். என் கவலை வேறு. பிடிக்காத பாட்டையும் கேட்டே ஆக வேண்டும் என்றிருந்த அந்தக் கட்டாயம் போய்விட்டது. ஆரணியில் தறிகள் குறைந்துவிட்டன. செய்யாறு சிப்காட்டுக்கும் ஒரகடத்துக்கும் விடியற்காலையில் கம்பெனி பஸ் கிளம்புகிறது. ஒவ்வொரு இருக்கையிலும் ஓர் இயர்போன், ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டு. 2017-ல் ‘விவேகம்’ படத்தில் அனிருத்தோடு யோகி பி பாடினார். அந்தப் பாட்டுக்கு ஆடிய பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்தக் குரல் தங்கள் சித்தப்பா காலத்துக் குரல் என்று தெரியும்? பக்கத்திலிருந்து யாராவது “இது எங்க பாட்டுடா” என்று குறுக்கிட்டால்தானே தெரியும்.

அதனால் நேயர்களே, வருகிற ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லாரும் இருக்கும்போது, உங்கள் பதினைந்து வயதுப் பாட்டு ஒன்றைக் கூடத்தில் சத்தமாகப் போடுங்கள். பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். முடிந்ததும் அவர்களுடைய பாட்டு ஒன்றைப் போடச் சொல்லுங்கள். நடுவில் நிறுத்தாமல் அதை முழுவதும் கேளுங்கள்.